புதுப்பிப்பு: விங்சூட் கை இறக்கை படபடப்பு

விமானத்தில் இருந்து குதித்துப் பறக்க உடுத்தும் இறக்கை உடையான என் விங்சூட்டில் கை இறக்கை (கைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள துணி) படபடக்கிறது, கிளைடு ரேஷியோ (இறங்கும் உயரத்துக்கு எவ்வளவு தூரம் முன்னே போகிறோம் என்ற விகிதம்) ஏறவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன், பலர் இன்னும் பெரிய சூட்டுக்கு மாறச் சொன்னீர்கள். மாறவில்லை. தயாரித்தவர்களிடமே அனுப்பித் தோளிலும் தொடையிலும் இருந்த தொளதொளப்பைக் குறைத்தேன், அவ்வளவுதான், துணியில் உள்ள காற்றுவாய் வழியே புகும் காற்று இப்போது இறக்கைக்குள் இருக்கும் அறைகளை நிரப்பி அதை விறைப்பாக நிறுத்துகிறது, துணி அடித்துக்கொள்ளாததால் இழுவையும் குறைந்து அதே உயரத்தில் இருந்து கூடுதல் தூரம் போக முடிகிறது.

அதற்காக ஒரேயடியாக இறுக்கிவிடாதீர்கள். கை முழுசாக நீளாவிட்டால் இறக்கை விரியாது, அதைவிட முக்கியம், பாராசூட் முதுகுப்பையின் அடியில் இருக்கும் பைலட் ஷூட் (பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்) கைப்பிடி எட்ட வேண்டும். தரையில் ஜிப்பை முழுக்க ஏற்றிவிட்டு, பார்க்காமலே அதைப் பிடித்துப் பாருங்கள். எட்டவில்லை என்றால் அந்த சூட்டில் குதிக்கவே கூடாது.

பெரிய சூட்? சுழல ஆரம்பித்தால் மீள்வது கடினம், எனக்கு இப்போதைக்கு வேண்டாம்.