சதுர வரவேற்பறைக்கு ஏற்ற ஒலிபெருக்கி எது?

குழு அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல வாழும் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். வரவேற்பறைக்கு ஒரு ஜோடி ஒலிபெருக்கி வாங்க வேண்டும். ஆம்ப்ளிபையர் இருப்பதால் 2,000 ரிங்கிட் வரை ஒலிபெருக்கிக்கே செலவிடலாம்.

சிக்கல் அறையில்தான். நீளமும் அகலமும் ஏறத்தாழ 4 மீட்டர். தரையில் ஓடு, சுற்றிலும் வெறுஞ்சுவர். கைதட்டினால் எழும் எதிரொலியைக் கம்பளமும் கனத்த திரைச்சீலையும் ஓரளவு அடக்கிவிடும். ஆனால், இரு திசைகளிலும் சுவர்கள் சம தூரத்தில் இருப்பதால், சுமார் 43 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்குகிறது. நாகஸ்வரம் தெளிவாகக் கேட்கும்போதே தவிலின் தொப்பி (தாழொலி தரும் பக்கம்) ஒலி குமுறலாகிவிடுகிறது. இதற்குத் திரைச்சீலை பயன்படாது.

கதவும் சோபாவும் இடத்தை அடைத்துக்கொள்வதால், பெட்டிகளைச் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்க இயலாது. சுவரருகே தாழொலி தானாகவே கூடும் என்பதால், தாழொலி மெல்லக் குறைந்து செல்லும் மூடிய பெட்டியே (காற்றுத் துளை இல்லாத ஒலிபெருக்கி) பொருந்தும் என்று நினைக்கிறேன். ஈப்போ கடைகளில் நான் கண்டவையோ பெரும்பாலும் பின்பக்கத் துளை உடையவை. க்யூ அகூஸ்டிக்ஸ் 3020i என்ற ஒலிபெருக்கி போன்றவற்றுடன் அத்துளையை அடைக்க நுரைப்பஞ்சு தருகிறார்கள். அப்படி அடைத்துப் பயன்படுத்தியவர்கள், குரலின் தெளிவு கெடாமல் குமுறல் குறைந்ததா என்று கூறினால் உதவியாக இருக்கும். சப்வூபர் (தாழொலிக்கான தனிப் பெட்டி) வேண்டாம், பக்கத்து வீட்டுப் பாட்டி சீக்கிரம் உறங்குபவர்.

மூடிய பெட்டி இவ்விலையில் கிடைக்குமிடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் ஈப்போவுக்கு வந்து கேட்டுப் பார்க்க முடியும்.