மறு: ‘ஹெட்டர்’: தலைக்குழாயா, கூடற்குழாயா?

அனைவருக்கும் வணக்கம்.

> ‘ஹெட்டர்’ என்பதற்குத் ‘தலைக்குழாய்’ என்றே வைத்துவிடலாம். இல்லையென்றால் ‘வெளியேற்றுப் பன்மடிக்குழாய்’ இருக்கவே இருக்கிறது.

ஐயா, ஹெட்டர் என்பது கார் எஞ்சினின் சிலிண்டர்களிலிருந்து வரும் புகையைத் தனித்தனிக் குழாய்களில் எடுத்துச் சென்று ஒன்றுசேர்க்கும் உறுப்பு. அதற்கு நீங்கள் சொன்ன இரண்டு சொற்களுமே எனக்கு உறுத்துகின்றன. முதலில் பன்மடிக்குழாய். அது மேனிஃபோல்டு, காரோடு வரும் பழைய புகை உறுப்பு. பழைய அமெரிக்க வி8 கார் (பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்) வாங்கியவர்களில் பலர் செய்யும் முதல் காரியமே, அந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹெட்டர் மாட்டுவதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், ‘பன்மடிக்குழாயைக் கழற்றிவிட்டுப் பன்மடிக்குழாய் மாட்டினேன்’ என்று எழுத வேண்டிவரும். இந்த மனிதருக்கு வேறு வேலையில்லையா என்று படிப்பவர் கேட்பார்.

தலைக்குழாய் எளிமைதான். ஆனால் எஞ்சினில் ‘தலை’ என்றால் சிலிண்டர்களை மேலே மூடும் சிலிண்டர் ஹெட் என்று ஏற்கெனவே பட்டா போட்டாயிற்று. அதுவும் போக, கொதிகலனிலும் பல குழாய்கள் வந்து சேரும் பெருங்குழாயை ஆங்கிலத்தில் ஹெட்டர் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே முக்கியம் சேர்வது. தலையைப் பிடித்துக்கொண்டால் அது நழுவிவிடும்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம், போன மாதம் இரண்டு வாரக் கடைசிகளை நண்பரின் 1966 ஃபோர்டு மஸ்டாங் காருக்கு அடியில் படுத்துக் கழித்ததுதான். 289 கன அங்குல எஞ்சின்.  மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டர்களின் புகையும் வெளியே வந்த உடனே ஒரே குறுகிய அறைக்குள் முட்டிக்கொள்கிறது. ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய். நான்கும் தனித்தனியே ஓடி, தள்ளிப்போய் ஓரிடத்தில் கூடுகின்றன.

அந்தத் தள்ளிப்போவதில்தான் விஷயமே இருக்கிறது. வால்வு திறந்ததும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாய்கள் கூடும் இடத்தில் வழி திடீரென்று அகலும். அங்கிருந்து அழுத்தம் குறைந்த அலை ஒன்று வந்த வழியே திரும்புகிறது. புகை வெளியேறும் வால்வும் கலவை நுழையும் வால்வும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் கண நேரத்தில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய புகையை இழுத்துக்கொண்டு போகும், புதுக் கலவைக்கும் இடம் கிடைக்கும். எஞ்சின் எந்த வேகத்தில் சுழலும்போது அந்தப் பலன் கிடைக்கும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: சேரும் இடம் கூடல். முழு உறுப்பு கூடற்குழாய். தனிக்குழாய் ஒவ்வொன்றும் கால், வாய்க்காலில் வரும் அதே கால். ‘நாற்கால்’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், ஆள் உட்கார்ந்துவிடுவார். நீளமான வகை நெடுங்கால் கூடற்குழாய், குட்டை வகை குறுங்கால். புகையை இழுத்து வெளியேற்றும் அந்த வேலைக்கு, தூர்வாருதல் போல, புகைவாருதல்.

இந்தச் சொற்களை வைத்து எங்கள் கதையைச் சொல்லிப் பார்க்கிறேன். தாங்குகின்றனவா என்று நீங்களே பாருங்கள்.

நண்பருக்கு 1¾ அங்குல விட்டமுள்ள கால் வேண்டுமாம். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்றார். 289-இன் புகைவாய்கள் சிறியவை. தெருவில் ஓட்டும் வண்டிக்கு 1½ அல்லது 1⅝ அங்குலம் போதும். கால் தேவைக்கு மேல் அகன்றால் புகையின் ஓட்டம் மந்தமாகி, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகைவாருதல் கெடும். சிக்னலில் இருந்து கிளம்பும்போது வண்டி சோம்பும். அவர் மனமில்லாமல்தான் 1⅝-க்கு இறங்கினார்.

அடுத்தது அமைப்பு. நான்கு கால்களும் ஒரே கூடலில் சேர்வது ஒரு வகை. இரண்டிரண்டாகச் சேர்ந்து, அந்த இரண்டும் மறுபடி ஒன்றாவது இன்னொரு வகை. ஒரு பக்கத்துக்கு மூன்று ஒய் வடிவங்கள் வருவதால் இதற்கு ட்ரை-ஒய் என்று பெயர். மஸ்டாங்கைப் பந்தயத்துக்காக மாற்றிச் செய்த 1965 ஷெல்பி ஜிடி350-இல் இருந்தது இதுதான். அதில் 271 குதிரைத்திறன் எஞ்சின் 306 ஆனது. கார்புரேட்டரும் கலவையை உள்ளே கொண்டுபோகும் அலுமினிய இன்டேக்கும் சேர்ந்து செய்த வேலை அது, முழுப் பெருமையும் குழாய்க்குப் போகாது. ஒய் வடிவத்துக்குத் தமிழில் கவை என்று அருமையான சொல் இருக்கிறது, கவட்டை என்று சொல்லித்தானே வளர்ந்தோம். எனவே முக்கவைக் கூடற்குழாய். அந்த எஞ்சினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-5-4-2-6-3-7-8. இடப்பக்கத்தில் 7-உம் 8-உம் எஞ்சின் தண்டு 90 பாகை சுழலும் இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே கவையில் கோத்தால் ஒன்றின் புகை மற்றதன் வழியை மறிக்கும். தள்ளி வெடிப்பவற்றைத்தான் இணைக்க வேண்டும்.

மாட்டுவது தனிப் பாடு. மஸ்டாங்கில் இரு பக்கமும் ஷாக் அப்சார்பரைத் தாங்கும் ஷாக் டவர் உள்ளே பிதுங்கி நிற்கும். இடப்பக்கம் ஸ்டியரிங் பாக்ஸ், கிளட்ச் தண்டு. வலப்பக்கம் ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டரைக் கழற்றினோம். எஞ்சின் மவுன்ட் போல்ட்டைத் தளர்த்தி, ஆயில் பேனுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் எஞ்சினை ஒன்றிரண்டு அங்குலம் தூக்கினோம். அப்புறம்தான் கீழேயிருந்து குழாய் நுழைந்தது. பழைய மேனிஃபோல்டின் கடைசிப் போல்ட் தலை முறிந்து ஒரு முழு மாலையைத் தின்றது, அதை விடுங்கள். பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கி, ஒருமுறை சூடேறி ஆறியதும் மறுபடி முடுக்கினோம். ஸ்பார்க் பிளக் ஒயர் எதுவும் காலைத் தொடவில்லை என்று இரண்டு முறை பார்த்தோம். சாதா எஃகுக் காலுக்கு வெப்பத்துணி சுற்றலாம் என்றார் நண்பர். துணி ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவேற்றும், பீங்கான் பூச்சே மேல் என்று தடுத்துவிட்டேன்.

டெட்ராய்ட்டிலிருந்து

* * *

> கூடல், கால், கவை

தம்பி, தலைக்குழாயை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கவை நன்றாக இருக்கிறது. ஆனால் கூடல் என்றால் மதுரைக்காரர்கள் ஊரைப் பங்கு போட வருவார்கள், மற்றவர்கள் ஊடலைத் தேடுவார்கள். ‘திரட்டி’ என்று வைத்தால் என்ன?

* * *

ஐயா, திரட்டி என்றால் இணையத்தில் வலைப்பதிவுகளைத் திரட்டுவதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதோடு, திரட்டி என்பது பிடித்து வைத்துக்கொள்வது போல ஒலிக்கிறது. இங்கே எதுவும் தேங்கக் கூடாது, கூடி ஓட வேண்டும். பவானியில் ஆறுகள் சேரும் இடத்தைக் கூடுதுறை என்கிறோம். ஊடல் நினைவு வந்தால் வரட்டும், நான்கு குழாய்கள் முட்டிக்கொள்ளாமல் சேர வேண்டிய இடம்தானே.

* * *

குழுவில் நான் எழுதுவது இதுதான் முதல் முறை. கோவையில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களுக்கு எஞ்சினில் இருந்து சைலன்சர் வரைக்கும் வருவது ‘பென்ட் பைப்’. கூடற்குழாய் என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டால் ஆகாதா?

* * *

வாங்க அண்ணா. ஒற்றைச் சிலிண்டர் பைக்குக்கு அந்தச் சொல்லே போதும், மாற்றத் தேவையில்லை. அங்கே ஒரு குழாய்தான், கூடுவதற்கு இன்னொன்று கிடையாது. வி8-இல் பக்கத்துக்கு நான்கு.

* * *

அப்போ நாலு பென்ட் பைப்பும் ஒரு கூடலும் சேர்ந்தது கூடற்குழாய். சரி, புரிந்தது. போல்ட்டை ஆறின பிறகு முடுக்கினீர்களா, சூட்டிலேயா?

* * *

ஆறின பிறகுதான், அண்ணா. நாளைக்கு இன்னொரு முறை பார்க்கணும், இடப்பக்கம் லேசாகப் புகை கசிகிற சத்தம் கேட்கிறது.