ஓஆர்எம்மைக் கைவிட்டு நேரடி எஸ்கியூஎல்லுக்கு மாறலாமா?

கேள்வி

வணக்கம். மொத்த வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்காக ஆர்டர் மேலாண்மைச் செயலி ஒன்றைப் பைத்தானிலும் அதன் வலைச் சட்டகமான ஜாங்கோவிலும் எழுதிப் பராமரித்து வருகிறோம், தரவுத்தளம் போஸ்ட்கிரஸ். அதில் பக்கத்துக்கு 50 ஆர்டர்களைக் காட்டும் பட்டியல் உண்டு. ஒவ்வொரு ஆர்டருடனும் வாடிக்கையாளரின் பெயரும் அந்த ஆர்டரிலுள்ள சரக்குகளும் இடம்பெற வேண்டும். எங்கள் மடிக்கணினிகளில் உடனே திறக்கும் இந்தப் பக்கம், தரவுத்தளம் வேறொரு சர்வரில் இருக்கும் நேரடிச் சூழலில் மிகவும் தாமதமாகத் திறக்கிறது.

தரவுத்தள அட்டவணைகளைப் பைத்தான் ஆப்ஜெக்ட்டுகளாகக் கையாளத் தரும் அடுக்கான ஓஆர்எம்தான் (ORM) இதற்குக் காரணம், அதை முழுவதும் நீக்கிவிட்டு எல்லா இடங்களிலும் தரவுத்தளத்தின் வினவல் மொழியான எஸ்கியூஎல்லை (SQL) நாமே எழுதிக்கொள்ள வேண்டும் என்று குழுவில் ஒரு சாரார் கூறுகின்றனர். ஆனால் மாடல்கள், மைக்ரேஷன்கள் (அட்டவணை அமைப்பை மாற்றும் நிரல்கள்), படிவங்கள், நிர்வாகப் பக்கங்கள் என எல்லாமே ஓஆர்எம்மின் மேல் நிற்கின்றன. இத்தகைய முடிவை எந்த அடிப்படையில் எடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1

மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன், அந்தப் பக்கம் ஒருமுறை திறக்கும்போது தரவுத்தளத்துக்கு எத்தனை வினவல்கள் (குவெரிகள்) போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஜாங்கோ டீபக் டூல்பாரை நிறுவினால் வினவல்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் பக்கத்தின் ஓரத்திலேயே காணலாம்.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் இது ‘என் பிளஸ் ஒன்’ (N+1) சிக்கலாகத்தான் இருக்கும். ஆர்டர்களை எடுக்க ஒரு வினவல். டெம்ப்ளேட்டில் சுழலும் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைக் கேட்க ஒன்று, சரக்குகளைக் கேட்க இன்னொன்று. ஆக மொத்தம் 101. தரவுத்தளம் உங்கள் மடிக்கணினியிலேயே இருக்கும்போது போய் வரும் நேரம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால் குறை வெளியே தெரிவதில்லை. அதே 101 வினவல்கள் ஒவ்வொன்றும் பிணையத்தில் 20 மில்லி விநாடி காத்திருந்தால், தரவுத்தளம் எவ்வளவு விரைவாகப் பதில் தந்தாலும், காத்திருப்பு மட்டுமே 2 விநாடியைத் தாண்டிவிடும். இதற்கு வேகமான சர்வர் வாங்கிப் பயனில்லை.

வாடிக்கையாளர் என்பது அயல் திறவுகோல் (வேறொரு அட்டவணையின் பதிவைச் சுட்டும் புலம்) வழியாக வரும் ஒற்றை உறவு என்பதால் அதற்கு ‘செலக்ட் ரிலேட்டட்’ பயன்படுத்துங்கள். ஜாங்கோ அதை ஒரே வினவலுக்குள், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயினாக எழுதிவிடும். சரக்குகள் எதிர்த்திசையில் வரும் பன்மை உறவு. அதற்கு ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’ வேண்டும். அது 50 ஆர்டர்களின் அடையாள எண்களையும் சேர்த்துக் கேட்கும் இரண்டாவது வினவல் ஒன்றை அனுப்பி, வந்த விடைகளைப் பைத்தானில் உரிய ஆர்டர்களுடன் இணைக்கும். இவ்வாறு 101 வினவல்கள் இரண்டாகச் சுருங்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ப்ரீஃபெட்ச் செய்த பிறகு, சுழற்சிக்குள் அந்தச் சரக்குகளின் மேல் மறுபடியும் ‘ஃபில்டர்’ அழைத்தால், முன்பே எடுத்து வைத்ததைப் பயன்படுத்தாமல் ஜாங்கோ புதிய வினவலை அனுப்பும். வடிகட்டியேயாக வேண்டும் என்றால் அந்த நிபந்தனையை ‘ப்ரீஃபெட்ச்’ ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும். முழு எஸ்கியூஎல்லுக்கு மாறிய பின்னும் யாராவது சுழற்சிக்குள் வினவலை எழுதினால் இதே சிக்கல் அப்படியே திரும்பி வரும்.

பதில் 2

முந்தைய பதிலில் உள்ளவை சரி. ஆயினும், உங்கள் குழுவில் எஸ்கியூஎல்லைக் கேட்பவர்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை நான் தயங்காமல் ஆதரிக்கிறேன். ஒரு பதிவைச் சேர்ப்பது, திருத்துவது, அடையாள எண்ணைக் கொண்டு எடுப்பது போன்ற அன்றாட வேலைகளில் ஓஆர்எம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அறிக்கைகள் என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசி மூன்று ஆர்டர்களை மட்டும் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்கியூஎல்லில் விண்டோ ஃபங்ஷன் (தொடர்புள்ள பதிவுகளைக் குழுவாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போன்ற மதிப்பைத் தருவது) கொண்டோ லேட்டரல் ஜாயின் (ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி உள்வினவலை இணைப்பது) கொண்டோ சில வரிகளில் அதை எழுதிவிடலாம். ஜாங்கோவில் விண்டோ ஃபங்ஷன்கள் 2.0 பதிப்பிலேயே வந்துவிட்டன. ஆனால் அவற்றின் விடையை நேரடியாக வடிகட்டும் வசதி 4.2 பதிப்பில்தான் வந்தது. அதுவரை இதற்காகச் சுற்றி வளைத்து எழுதப்பட்ட நிரல்களைப் படிப்பதைவிட, அதே இடத்தில் எழுதப்பட்ட எஸ்கியூஎல்லைப் படிப்பது எத்தனையோ மடங்கு எளிது.

மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் உலகில் தரவை எழுதுவதற்கு என்டிட்டி ஃபிரேம்வொர்க் என்ற ஓஆர்எம்மையும், தரவைப் படிப்பதற்கு, நேரடி எஸ்கியூஎல்லை இயக்கும் நூலகமாக ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உருவான டாப்பரையும் ஒரே செயலிக்குள் சேர்த்து வைத்திருக்கும் குழுக்கள் பல உண்டு. பைத்தானிலும் எஸ்கியூஎல்ஆல்கெமி என்ற நூலகம் தன்னைக் கோர் (எஸ்கியூஎல்லுக்கு நெருக்கமான அடுக்கு), ஓஆர்எம் என்று இரண்டு அடுக்குகளாகவே வைத்திருக்கிறது. ஆகவே ஒன்றை முழுவதும் நீக்கித்தான் மற்றொன்றைக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. நேரடி எஸ்கியூஎல்லை எழுதும் இடங்களைத் தனி மாட்யூல் ஒன்றில் திரட்டி வையுங்கள். பயனர் தரும் மதிப்புகளை எக்காரணம் கொண்டும் சரங்களை ஒட்டி வினவலுக்குள் நுழைக்காதீர்கள். அவற்றைப் பாராமீட்டர்களாக மட்டுமே அனுப்புங்கள். ஓஆர்எம் இத்தனை நாள் சத்தமில்லாமல் செய்துவந்த இந்தப் பாதுகாப்பு, அதை விட்டு வெளியே வந்தவுடன் முழுவதும் உங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

பதில் 3

வினவல்களின் எண்ணிக்கை குறைந்த பிறகும் தாமதம் நீடித்தால், வினவல் எப்படி இயங்குகிறது என்று காட்டும் ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ போட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரஸ் எதிர்பார்த்த பதிவுகளின் எண்ணிக்கையும் உண்மையில் வந்த எண்ணிக்கையும் அருகருகே இருக்கும்; இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் முதலில் அந்த அட்டவணைக்கு, அதன் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் ‘அனலைஸ்’ ஓட்டுங்கள். ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ வினவலை உண்மையாகவே இயக்கிவிடும் என்பதால், அப்டேட், டெலீட் ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவதானால் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாக ஏற்கப்படும் அல்லது கைவிடப்படும் மாற்றங்களின் தொகுதி) வைத்து ரோல்பேக் செய்துவிட (மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிட) வேண்டும்.

சரிசெய்த பக்கத்துக்கு, வினவல்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் ‘அசெர்ட் நம் குவெரீஸ்’ கொண்டு ஒரு டெஸ்டும் எழுதிவிடுங்கள். நாளை வேறொருவர் டெம்ப்ளேட்டில் புதிய புலம் ஒன்றைச் சேர்க்கும்போது எண்ணிக்கை கூடினால், அது நேரடிச் சூழலுக்குப் போகும் முன்பே பிடிபட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. டூல்பார் 104 என்று காட்டியது: நீங்கள் கணித்த 101 போக, செஷனுக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று, பட்டியலைப் பக்கங்களாகப் பிரிக்கும் பேஜினேட்டர் மொத்த ஆர்டர்களை எண்ணுவதற்கு ஒன்று. இப்போது ஐந்தாகக் குறைந்துவிட்டது. பக்கமும் நன்றாகவே திறக்கிறது. எஞ்சியுள்ள ஐந்தில், மொத்த எண்ணிக்கையைக் கேட்கும் அந்த ஒரு வினவல்தான் மற்ற நான்கையும் விட அதிக நேரம் எடுக்கிறது. அதற்கு இன்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் அட்டவணைக் குறிப்பு) சேர்ப்பது பயன் தருமா?

பதில் 3 எழுதியவர்

ஓரளவு தரலாம், ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். ஒரு டிரான்சாக்ஷனுக்குத் தெரியும் பதிவு இன்னொன்றுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால், போஸ்ட்கிரஸ் தயாரான மொத்த எண்ணிக்கை எதையும் வைத்திருப்பதில்லை. கேட்கும்போதெல்லாம் எண்ணியே சொல்ல வேண்டும். உங்கள் பயனர்களுக்குப் பக்க எண்கள் உண்மையிலேயே தேவையா என்று கேட்டுப் பாருங்கள். ‘முந்தையது’, ‘அடுத்தது’ என்ற இரண்டு பொத்தான்கள் போதுமென்றால், கடைசியாகக் காட்டிய ஆர்டரின் தேதியையும் அடையாள எண்ணையும் நினைவில் வைத்து, அவற்றுக்குப் பிந்தைய 50 பதிவுகளை மட்டும் கேட்கலாம். இவ்விரண்டு புலங்களுக்கும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ் அமைத்துவிட்டால், மொத்தத்தை எண்ண வேண்டிய தேவையும் இல்லை, ஆஃப்செட் (எத்தனை பதிவுகளைத் தாண்ட வேண்டும் என்ற எண்) கொடுத்து ஆயிரக்கணக்கான பதிவுகளைப் படித்துவிட்டுத் தள்ளிவிடும் வேலையும் இல்லை. நேராக நூறாவது பக்கத்துக்குத் தாவும் வசதி மட்டும் இதில் இருக்காது. பழைய ஆர்டர்களைத் தேடுபவர்களுக்கு அதற்குப் பதிலாகத் தேதி வடிகட்டி ஒன்றைக் கொடுத்துவிடலாம்.