மறு: மின்பகிர்விக்கு ‘பாத்திய முகவரி’

வணக்கம்.

> டிஎச்சிபி (நெட்வொர்க்கில் சேரும் கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் முறை) வழியாக ஒரு கருவிக்கு எப்போதும் ஒரே ஐபி கொடுப்பதை ‘நிலை முகவரி’ என்றே சொல்லிவிடலாமே?

அண்ணாச்சி, ‘மின்பகிர்வி’ அருமையான சொல். சர்வர்களை அடுக்கும் ரேக்கில் நின்று அவற்றுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும், நெட்வொர்க் வழியாகவே அவுட்லெட்டுகளை அணைக்கவும் முடிகிற பிடியுவுக்கு இனி அதையே எழுதுகிறேன். ஆனால் ‘நிலை முகவரி’யில் எனக்கு உடன்பாடில்லை. கருவிக்குள் போய் நாமே கையால் தட்டிவைக்கும் எண்ணுக்குத்தான் அந்தப் பெயர் வழங்குகிறது. இங்கே மின்பகிர்வி வழக்கம்போல முகவரி கேட்கிறது. முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வழங்கி அதன் மேக் எண்ணை, அதாவது கருவியின் நெட்வொர்க் அடையாள எண்ணைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அதே முகவரியைத் தருகிறது. பதிவு இருப்பது வழங்கியில். ‘நிலை’ என்று எழுதினால், கையேட்டைப் படிக்கிறவர் கருவியில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு எண்ணைத் தட்டத் தொடங்குவார்.

வெறும் குத்தகையில், அதாவது குறித்த காலத்துக்கு மட்டும் வழங்கி முகவரி தரும் வழக்கமான முறையில், விட்டாலும் ஆகாது. குத்தகைக் காலத்தில் பாதி போனதும் கருவி புதுப்பிக்கக் கேட்கும், ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்வரை முகவரி பெரும்பாலும் மாறாது. நீண்ட மின்தடைக்குப் பிறகுதான் வம்பு. குத்தகை முடிந்துபோய், மூன்றாம் ரேக்கின் முகவரி ஐந்தாம் ரேக்கிடம் இருக்கலாம். பழைய எண்ணை நம்பி ஒரு அவுட்லெட்டை அணைத்தால் யாருடைய சர்வரோ படுத்துவிடும். பிரின்டர் என்றால் தாள் இடம்மாறி வரும், அவ்வளவுதான். மின்பகிர்வியில் அந்தச் சலுகை கிடையாது.

அதனால்தான் ‘பாத்திய முகவரி’ என்கிறேன். நம் நெல்லைப் பக்கத்தில் ஊர்க் கோவில் வாசலிலும் மண்டபத்திலும் ‘இன்னாருக்குப் பாத்தியப்பட்டது’ என்று எழுதியிருப்பதைப் பார்க்காதவர் உண்டா? ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தாலும் அடுத்தவருக்குப் போகாது. இந்த முகவரியும் அப்படியே: கருவி அணைந்து கிடந்தாலும் வழங்கி அதை வேறெதற்கும் கொடுக்காது.

வடசொல் என்று மறுப்பு வரும், தெரியும். ‘உரிமை முகவரி’யை எழுதிப் பார்த்தேன். அணுகல் உரிமை, உரிமம் என்று அதே பக்கத்தில் வரும் மற்றவற்றோடு முட்டுகிறது. ‘ஒதுக்கிய முகவரி’ என்றால், குத்தகை முகவரியும் வழங்கி ஒதுக்கியதுதானே. ‘முன்பதிவு’ ஒரு பயணத்தோடு முடிந்துவிடும்.

கையேட்டு வாக்கியத்தில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்:

“மின்பகிர்வியை ரேக்கில் திருகும் முன்பே ஒட்டுச்சீட்டிலுள்ள மேக் எண்ணைக் குறித்துக்கொள்க, செங்குத்தாகப் பொருத்தியபின் சீட்டு மறைந்துவிடலாம். மொத்தம் 12 குறிகள். 8-ஐயும் ஆங்கில ‘B’-யையும் மாற்றிப் படிக்க வேண்டாம். முதலில் வழங்கியில் பாத்திய முகவரியைப் பதிக; அப்புறம் நெட்வொர்க் கேபிளைச் செருகுக.”

எனக்கு எங்கும் இடறவில்லை. இதே போக்கில் வழங்கியிலுள்ள பட்டியலுக்குப் ‘பாத்தியப் பதிவேடு’ என்று வைக்கலாமா? மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். அதுவரை இந்த இயலை அச்சுக்கு அனுப்பவில்லை.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து