8 வயசுப் பையனை டேன்டம் பாராகிளைடிங்கில் ஏற்றலாமா?

உச்சிப்புளி அம்மா:
லீவுக்குக் கேரளத்து வாகமன் மலைக்குப் போகிறோம். அங்கே டேன்டம் பாராகிளைடிங் இருக்கிறது, அதாவது பைலட்டும் பயணியும் ஒரே பாராகிளைடரில் சேர்ந்து பறப்பது. பாம்பன் பக்கம் கைட் சர்ஃபிங் பண்ணுகிறவர்களைப் பார்த்ததிலிருந்து மகன் நானும் பறக்கணும் என்று ஒரே அடம். எடை 22 கிலோ. பைலட் கூடவே வருவதால் பயமில்லை என்கிறார் வீட்டுக்காரர், மாமியாரோ பச்சப்புள்ளைய ஆகாசத்துலயா விடுவீங்க என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் தம்பி:
அக்கா, படகில் கயிறு கட்டி இழுக்கிற பாராசெய்லிங் வேறு, இது வேறு. இதற்குப் பெரும்பாலும் மலைச்சரிவு வேண்டும், அதனால்தான் நம்ம சமதரையில் கிடையாது. ஏற்றலாம், ஆனால் வயதை விட எடையைத்தான் முதலில் கேட்கணும். ஒவ்வொரு டேன்டம் விங்குக்கும் (தலைக்கு மேலே விரிகிற துணி இறக்கை) இத்தனை கிலோவிலிருந்து இத்தனை கிலோ வரை என்று வரம்பு உண்டு, பைலட், பயணி, சாமான் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பையன் 22 கிலோ, பைலட்டும் ஒல்லியான ஆள் என்றால் வரம்புக்குக் கீழே போய்விடும். அப்போது எதிர்காற்றில் முன்னேற வேகம் பத்தாது, காற்று கொஞ்சம் குலுக்கினாலும் விங் மடங்க வாய்ப்பு அதிகம்.

பீர் பில்லிங் ராம்நாட்டுக்காரன்:
தம்பி சொன்னது சரி. நான் இங்கே இமாச்சலத்துப் பீர் பில்லிங்கில் டேன்டம் ஓட்டுகிறேன், குழந்தைகள் விஷயத்தில் எனக்கு முதல் கவலை ஹார்னஸ், அதாவது உடம்பை விங்கோடு பிணைக்கிற பட்டை வைத்த இருக்கை. பெரியவர்கள் ஹார்னஸை எவ்வளவு இறுக்கினாலும் சின்ன உடம்பு உள்ளே நழுவும். மார்புப் பட்டை தாடையில் முட்டினால் அது அவன் அளவு இல்லை, அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொடைப் பட்டை இரண்டையும் நீங்களே கையால் இழுத்துப் பாருங்கள் அக்கா, அது மாட்டாமல் கிளம்பினால் ஆள் கீழே வழுக்கி வெளியே வந்துவிடும், பைலட் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளவெல்லாம் முடியாது. ஹெல்மெட்டும் அப்படித்தான், தலையை ஆட்டினால் ஆடக்கூடாது. ஆபத்துக்கு உதவுகிற ரிசர்வ் பாராசூட் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அப்புறம் ஸ்வெட்டர். பில்லிங்கில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் கிளம்புகிறோம், பெரியவர்களுக்குச் சில்லென்று இருக்கும் காற்றில் பிள்ளைக்குப் பல் தந்தியடிக்கும்.

உச்சிப்புளி அம்மா:
ரொம்ப நன்றி தம்பி. அங்கே போய் நின்றதும் பயந்து அழுதால்?

பீர் பில்லிங் ராம்நாட்டுக்காரன்:
அழுதால் இறக்கிவிடுங்கள், கட்டின காசு போனாலும் போகட்டும். டேக் ஆஃப்பில் முன்னால் இருக்கிற பயணியும் சேர்ந்து ஓடணும், பாதியில் பயந்து உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து. இறங்கும்போது காலைத் தூக்கணும், அதை வீட்டிலேயே நாற்காலியில் உட்கார வைத்துப் பழக்குங்கள்.

பாம்பன் கடலோடி மகள்:
நேரத்தையும் பாருங்கள் அக்கா. உச்சிவெயிலில் சரிவு சூடாகி காற்று மேலே கிளம்பும், அப்போது குலுக்கல் அதிகம், காலையிலேயே ஸ்லாட் கேளுங்கள். கச்சான் காற்று ஏறிவிட்டால் எங்க அப்பா யார் கூப்பிட்டாலும் வள்ளம் இறக்க மாட்டார். அந்த மாதிரி, காற்று சரியில்லை இன்னைக்குப் போகாதீங்க என்று சொல்கிற பைலட்டிடம் பிள்ளையைக் கொடுக்கலாம்.

உச்சிப்புளி அம்மா:
சரி, சின்னப் பிள்ளை ஹார்னஸ் இருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் புக் பண்ணுவேன். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் வளரட்டும்.