மூணாங்கட்டை லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) குழு: நாடக ஒத்திகை

வள்ளி அக்கா: தம்பி குமரா, நேத்து ஒத்திகைக்கு என் பேரனையும் கூட்டிட்டு வந்தேன். மூணாம் ஆண்டுதான் படிக்கிறான். பாராங் கத்தி எடுத்து வெட்டுற காட்சி வந்ததும் என் முந்தானையப் புடிச்சவன் விடவே இல்ல. ராத்திரி லைட்ட அணைக்க விடல. அந்தக் காட்சிய எடுத்துருங்கப்பா.

குமரன்: அவன் பயந்துட்டான்னு கேக்கவே கஷ்டமா இருக்கு அக்கா. ஆனா வேலை பார்த்த தோட்டத்த வித்துட்டதால சுங்கை சிப்புட் டவுனு ஓரமா வந்து ஒதுங்குன குடும்பத்துப் பையன் ஏன் கும்பல்ல சேர்றான்னுதானே நாடகமே. வெட்டு விழறதக் காட்டாம அதை எப்படி முடிக்கிறது?

மணியம் மாமா: 2016-ல ரஜினியோட 'கபாலி' வந்தப்ப, கபாலி போலீஸ்ல சரணடைஞ்சிட்டாருன்னு கடைசியில ஒரு வரி சேர்த்துதான் நம்ம மலேசியாவுல ஓட்டுனாங்க. நம்ம லயத்துப் பசங்க அந்த வரியவா பார்த்தாங்க? கோட்டையும் கண்ணாடியையும்தான் பார்த்தாங்க.

சாந்தி டீச்சர்: அதே வருஷம் மலேசியத் திரைப்பட விழாவுல 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம்னு விருது வாங்குச்சு. அதுலயும் கும்பல் உண்டு, அடிதடி உண்டு. ஆனா அந்தச் சின்னப் பையன் எப்படி வழி தவறுறான்னு பார்க்கப் பார்க்க மனசு பதறும்.
போன வாரம் என்கிட்ட டியூஷனுக்கு வர்ற பையன் போன்ல ஒரு வீடியோ காட்டுனான். பிறந்தநாள் கேக்கப் பாராங்கால வெட்டுறாங்க. சிரிச்சிக்கிட்டே காட்டுனான் வள்ளிக்கா. உங்க பேரன் பயந்தான். இவனுக்குப் பயமே இல்ல. எனக்கு இவன நெனச்சாதான் தூக்கம் வரல.

மணியம் மாமா: போன்ல வர்றதுக்குத் தணிக்கை வாரியம் முத்திரை குத்துறது இல்லியே.

சாந்தி டீச்சர்: ஆமா மாமா. தியேட்டர் படத்துக்கு 13, 16, 18னு வயசு பிரிச்சிருக்காங்க. நாமளும் அப்படியே செய்யலாமே. ஏழரைக்குச் சின்னதுங்க நடனம், சிலம்பம். சாப்பாடு. ஒன்பதரைக்கு நாடகம், 13 வயசுக்கு மேல. பெரிய பசங்க அப்பா அம்மா பக்கத்துல உக்காரணும். நாடகம் முடிஞ்சதும் யாரும் உடனே கிளம்பக் கூடாது, பசங்க கேள்வி கேக்கட்டும்.

குமரன்: சரி டீச்சர். நோட்டீஸ்லயே வயசு போட்டுடறேன்.

வள்ளி அக்கா: சின்னதுங்கள நான் சமையக்கட்டுப் பக்கம் வச்சிப் பார்த்துக்கிறேன். ஆனா சட்டையில அந்தச் செவப்புச் சாயம் மட்டும் வேணாம் தம்பி.

குமரன்: ஏன் அக்கா? ரத்தம் தெரிஞ்சாதானே உறைக்கும்?

வள்ளி அக்கா: எங்க தம்பி சட்டைய நான் துவைச்சிருக்கேன்பா. மூணு தண்ணி மாத்தியும் போகல.

குமரன்: அக்கா... நாளைக்கு ஒத்திகைக்கு முன்ன வீட்டுக்கு வர்றேன். நீங்க சொல்லுங்க, சாயம் இல்லாமலே செய்வோம்.