பிள்ளையிடம் தனியாகப் பேச அம்மாவை எப்படி வெளியே அனுப்புகிறீர்கள்?

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். இப்போது வளரிளம் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். தலைவலி என்று 15 வயசுப் பெண் வருகிறாள், நான் அவளைக் கேட்டால் பதில் அம்மா வாயிலிருந்து வருகிறது. வெளியே இருங்கள் என்றால் "நான் பெத்த பிள்ளை, எனக்குத் தெரியாத சங்கதி என்ன?" என்று முகம் மாறிவிடுகிறது, அதுவும் வெள்ளிக்கிழமை கோயிலில் பார்க்கிற முகம். அப்படியே தனியாகப் பேசினாலும், படிவத்தில் இருப்பதை வரிசையாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லை சிஸ்டர்". நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பீனிக்ஸ் அக்கா:
தங்கச்சி, அம்மாவிடம் அனுமதி கேட்காதே. உட்கார்ந்ததும் சொல்லிவிடு: "முதலில் மூன்று பேரும் பேசுவோம், அப்புறம் பிள்ளையோடு தனியாகக் கொஞ்சம், கடைசியில் நீங்களும் வாங்க, இங்கே எல்லாருக்கும் இப்படித்தான்." அம்மாவின் கவலையை முதலில் முழுசாகக் கேட்டுவிட்டால் பாதிப் பேர் தாங்களாகவே எழுந்துவிடுவார்கள்.

கேள்விக்கு 'ஹெட்ஸ்' வரிசை இருக்கிறதே: வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதை, பாலுறவு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும். லேசானதில் தொடங்கிக் கனமானதற்குப் போவதுதான் அதன் சூட்சுமம், நாம்தான் அவசரத்தில் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறோம். போதைக்கு வரும்போது "உங்க ஸ்கூல்ல வேப் அடிக்கிறாங்களா? உன் சிநேகிதங்க? நீ?" என்று வெளியிலிருந்து உள்ளே வா. சுகர்ஸும் (இங்கே தெருவில் விற்கிற ஹெராயின் கலவை) அப்படித்தான், பெயரைச் சொல்லியே கேள், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது புதுசில்லை. தற்கொலை எண்ணத்தையும் நேராகவே கேள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

அப்புறம் கண்ணையும் திறந்து வை. பிப்ரவரி வெயிலில் ஸ்கூல் ஸ்வெட்டர் போட்டு வந்து, பிபி பார்க்கக் கையைச் சுருட்டச் சொன்னால் தயங்குகிற பிள்ளையை அவசரமாக அனுப்பிவிடாதே, கையில் தானே கீறிக்கொண்ட தடம் இருக்கலாம்.

ரெண்டு பிள்ளை அம்மா:
நான் நர்ஸ் இல்லை. 12 வயசுப் பிள்ளை எனக்குத் தெரியாமல் கருத்தடை ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டபோது வயிற்றைக் கலக்கியது. நாளைக்கு ஒன்று ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடப்போவது நான்தானே? இதில் எங்களுக்கு ஒரு இடமும் இல்லையா?

சட்டம் படித்த தம்பி:
உங்கள் கோபம் நியாயம்தான் அக்கா. ஆனால் 2005ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 12 வயசாகி, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவமும் இருந்தால் சிகிச்சைக்குப் பிள்ளையே சம்மதிக்கலாம் (129ஆம் பிரிவு), கருத்தடையைக் கேட்டு வாங்கலாம், அதை நர்ஸ் வெளியே சொல்லக்கூடாது (134ஆம் பிரிவு). அறுவை சிகிச்சை என்றால் பெற்றோர் துணை வேண்டும்.

ஆனால் சிஸ்டர், ரகசியத்துக்கு எல்லை உண்டு. அடி உதை, பாலியல் கொடுமை என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் 110ஆம் பிரிவுப்படி நீங்கள் புகார் செய்தாக வேண்டும். 15 வயசுப் பெண்ணும் 16 வயசுப் பையனும் விரும்பி உறவு வைத்துக்கொள்வது பாலியல் குற்றச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு குற்றமில்லை, ஆனால் அவளுடைய ஆள் 22 வயசு என்றால் போலீசுக்குச் சொல்வது உங்கள் கடமை. அதனால் ஒரு கேள்வியும் கேட்பதற்கு முன்னாலேயே பிள்ளையிடம் அந்த எல்லையைச் சொல்லிவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:
அப்படிச் சொன்னால் வாயையே திறக்காமல் போய்விடாதா தம்பி?

பீனிக்ஸ் அக்கா:
சில பிள்ளைகள் அன்றைக்கு மூடிக்கொள்ளும். பரவாயில்லை. எல்லாம் சொல்ல வைத்துவிட்டு அப்புறம் போலீஸ் என்றால் அது இனி எந்த கிளினிக்குக்கும் வராது. அடுத்த தேதி கொடு, பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116 இலவசம் என்று சொல்லி அனுப்பு. அம்மாவுக்கும் இடமுண்டு அக்கா, பல பிள்ளைகளுக்கு அம்மாவிடம் சொல்லத்தான் ஆசை, பயம்தான் தடுக்கிறது, "நான் கூட இருக்கேன், சேர்ந்து சொல்லலாமா?" என்று கேட்டால் தலையாட்டும்.

இன்னொன்று தங்கச்சி, ஃபைலில் எழுதிவிட்டு அதை அம்மா கையிலேயே ரெஜிஸ்ட்ரிக்குக் கொடுத்தனுப்பாதே.